பேய்த்தாய்க்கு ஒரு சன்னதி

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழியும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் கோயில் கிடையாது. அதன்பிறகு முதன்முதலில் தூக்கிக்கொண்டு போக வேண்டியது பெரியாச்சி அம்மனிடம். மாரியம்மன், முருகன், பிள்ளையார் எல்லாரும் அவளுக்கு அப்புறம்தான். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இதுதான் வழக்கம். பினாங்கில் எங்கள் வீட்டிலும் அப்படியே. என் அண்ணன் மகளுக்கு ஆனியில் பெண் குழந்தை பிறந்தது. ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போகலாம் என்று முடிவானது.

அவளுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே அடங்கிப் போனது. அதன்பிறகு அவள்மேல் விழுந்த சட்டங்களைச் சொன்னால் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். விளக்கு வைத்தபின் வாசலில் நிற்காதே. தலையை விரித்துப் போடாதே. மல்லிகை வேண்டாம். வாழைமரத்துப் பக்கம் போகாதே. சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கு அழைப்பு வந்தது. போன இடத்தில், வளையல் போடும் வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம் என்று காதோடு சொன்னார்கள். அவளும் சரியென்று சமையல்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விரித்த கூந்தல், பூ வாசம், வாழைமரம், இரவு. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது யாருடைய அடையாளம் என்று சொல்லத் தேவையில்லை. பொந்தியானாக். பிரசவத்தில் செத்துப் பேயானவள். தோட்டத்து லயங்களில் மலாய்க்காரர் கதையும் நம் மோகினிக் கதையும் கலந்து, யாருடையது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. 1900-இல் வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் மலாய் மக்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் பிரசவத்தில் செத்துப் பேயான தாய்க்கு லங்சுயிர் என்று பெயர், பொந்தியானாக் என்பது செத்துப் பிறந்த பிள்ளை. முதல் லங்சுயிர் ஓர் அழகான பெண்ணாம். பெற்ற பிள்ளை செத்துப் பிறந்து பொந்தியானாக் ஆகிவிட்டது என்று கேட்ட அதிர்ச்சியிலேயே போய்ச் சேர்ந்தவள். சேதி கேட்டதும் கையைத் தட்டிக் கனைத்துக்கொண்டு மரத்துக்குப் பறந்துவிட்டாள்.

பிரசவத்தில் இறந்தவள் அப்படி ஆகாமலிருக்க என்ன செய்வார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகள், இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு கோழிமுட்டை, உள்ளங்கைகளில் ஊசிகள். வாய் திறந்து அலறக்கூடாது, கையைச் சிறகாக வீசக்கூடாது, விரலை மடக்கி நீட்டக்கூடாது. அந்த முட்டையைப் பற்றித்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். செத்த பிறகும் முட்டை உடைந்துவிடுமே என்று கையை ஒடுக்கிக்கொள்வாள் என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். தாய்மையை நம்பித்தான் கட்டுகிறார்கள், தாயைக் கண்டுதான் பயப்படுகிறார்கள்.

நம் கதையும் சளைத்ததல்ல. பழையனூர் நீலி, கொன்றவனைப் பழிவாங்க வரும்போது கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எழுபது வேளாளர் முன் நின்று, இவன் என் புருஷன் என்றாள். பிள்ளைக்காரி பொய் சொல்வாளா என்று அவர்களும் நம்பினார்கள். இந்தக் கதைகளையெல்லாம் சொல்பவர்கள் உயிரோடு மிஞ்சிய வீட்டார். கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு சொல்கிறார்கள். வெளியே நிற்பவள் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அண்ணன் மகளிடமும் நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் மட்டும் முதலில் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மனைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினேன். 1833-இல் எழுந்த கோயில். ஆடி வெள்ளிக்கே உரிய கூட்டம். மஞ்சள் புடவைகள், வேப்பிலை, எலுமிச்சை விளக்கு, செருப்பைத் தேடும் சண்டை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குவான் யின் கோயில். இங்கே தமிழர்களும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம், நானும் ஏற்றினேன். சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது, பசித்த ஆவிகள் வெளியே வரும் மாதம். தெருமுனைப் பந்தலில் தாய் சூ யா நின்றிருந்தார். காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த ஆவிகளின் அரசர், பிதுங்கிய கண், கோரமான முகம். நிமிர்ந்து தலை உச்சியைப் பார்த்தால் சின்னஞ்சிறு குவான் யின் உருவம். கருணைத் தாயே ஆவிகளை அடக்க இந்தக் கோலத்தில் வருகிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. சடங்கு முடிந்ததும் எரித்துவிடுவார்கள்.

பத்து மணிக்கு எல்லாரும் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போனோம். அண்ணன் மகள், அவள் மாமியார், என் அண்ணி, நான், துணியில் பொதிந்த பிள்ளை. மாமியார் வழி முழுக்க, காற்று படாமல் மூடும்மா, மூடும்மா என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடல் நடுவில் அவள் என்னிடம் கேட்டாள்: "அத்தை, பேய்க்குப் பிள்ளை இருக்குமா?"

இருக்கிறது. திருமுறை வகுப்பில் பதினோராம் திருமுறை படித்தவர்களுக்குத் தெரியும். காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில், சுடுகாட்டுப் பேய்களைப் பாடிக்கொண்டே போகிறவர் ஓரிடத்தில் நின்று ஒரு தாயைப் பார்க்கிறார். "கழுதுதன் பிள்ளையைக் காளி யென்று பேரிட்டுச் சீருடைத் தாவளர்த்துப் புழுதி துடைத்து முலைகொடுத்துப் போயின தாயை வரவு காணாது அழுதுறங்கும் புறங்காட்டில்..." பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்திருக்கிறது. மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறது. போன தாய் திரும்பவில்லை. பிள்ளை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் அப்பன் ஆடுகிறான்.

திருவாலங்காடும் நீலியின் பழையனூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே மண்ணில் ஊர்க்காரர்கள் பேயைக் கண்டு நடுங்கினார்கள். அம்மையார் தானே பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பேயின் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். பிள்ளை பெறாதவர் அவர். தலையால் நடந்து கயிலை ஏறிய அந்த எலும்புருவைப் பார்த்துத்தான் இறைவன் "அம்மையே" என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம். பாட்டைச் சொல்லி முடித்தபோது அண்ணன் மகள், "பேர் வெச்சிருக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாங்கள் போன கோயில் சின்னது. தகரக் கூரை, ஒரு அரசமரம், பின்னால் ரயில் பாதை. பெரியாச்சியை முதல் தடவை பார்க்கிறவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். மடியில் ஓர் அரசியைக் கிடத்தி வயிறு கிழித்துக் குடலை மாலையாக இழுத்திருக்கிறாள், காலடியில் அரசன். இத்தனைக்கும் நடுவே ஒரு கை மட்டும் மேலே நீண்டிருக்கிறது, அதில் ஒரு கைக்குழந்தை. வல்லாளராஜன் பிள்ளை தரையைத் தொட்டால் நாடு அழியும் என்பதால் மருத்துவச்சி பெரியாச்சி அதைக் கீழே விடாமல் ஏந்தினாள் என்று கதை. மற்ற கைகள் கொல்லும்போதும் அந்தக் கை தாழவில்லை. செய்தவர் அந்தக் கையை மட்டும் மெல்லியதாக, வளையலோடு செய்திருந்தார். விரல்கள் பிள்ளையின் பிடரியைத் தாங்கியிருந்த விதம், பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணி காயக் குழம்பும் அவித்த முட்டையும் கொண்டுவந்திருந்தார், பிரசவித்தவள் சாப்பிடும் அதே பத்தியச் சாப்பாடு. எங்கள் குடும்பத்தில் அதைத்தான் அம்மனுக்கும் படைப்பது. இலையில் முட்டையைப் பார்த்ததும் எனக்கு அந்த இன்னொரு முட்டை ஞாபகம் வந்தது. வெளியில் சொல்லவில்லை, நல்ல நாளில் எதற்கு.

பூசாரி பிள்ளையை வாங்கி அம்மன் காலடியில் விரித்த துணியில் கிடத்தினார். மஞ்சள் நீர் தெளித்தார். "அர்ச்சனை யார் பேருக்கு, தங்கச்சி?"

மாமியார் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். பிள்ளையின் பெயர், நட்சத்திரம் பூசம். பிறகு இன்னொரு பெயரும் சொன்னாள். எங்களில் யாரும் கேட்டிராத பெயர். பையன் பெயர். "நட்சத்திரம் அனுஷம்" என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கும். அர்ச்சனையில் இரண்டு பெயரையும் சொன்னார், மூத்தது முதலில். குங்குமமும் வேப்பிலையும் கொடுக்கும்போது, "பூ வெச்சுக்கம்மா" என்று அம்மன் மேலிருந்த மல்லிகையை எடுத்து நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து செருப்பு போடும்போது மாமியார் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா அவனுக்கும் சேர்த்து ஒரு தேங்காய் வாங்கியிருப்பேன்ல?"

"இப்ப வாங்கலாமே, அத்தை."

வாசல் கடையில் தேங்காய் தீர்ந்திருந்தது. ஆடி வெள்ளி. மாமியார் விடவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக் கடைக்குத் தானே நடந்தார்.