கார்டை விழுங்கிய ஏடிஎம்மும் ஒரு ஊக்கும்

பணத்தைப் பத்திரமாக வைக்க ஆச்சிக்குச் சுருக்குப்பை, அம்மாவுக்குக் கடுகு டப்பா. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று வீட்டுக்காரரோடு எழுபது நாள் பயணம் முடிவானதும் நானும் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்துக்கொண்டேன். திருடனுக்குப் பயந்துதான். எழுபது நாளில் ஒரு திருடனையும் பார்க்கவில்லை. நஷ்டமானதெல்லாம் எங்கள் கையாலேயே நடந்தது.

மதுரையில் அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் ஆளுக்கு 1,200 டாலர் நோட்டாக வாங்கினோம். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகலாம். ஆனால் அவ்வளவு ரொக்கத்தைச் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆளுக்கொரு டெபிட் கார்டு, என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு, முன்கூட்டியே டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று. நம் கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. வங்கி ஆப்பில் போய் ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிட்டோம். என் இரண்டாவது கார்டை வீட்டுக்காரர் பையில் வைத்தோம். இந்த ஒரு யோசனைக்கு மட்டும் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொள்வேன்.

ஃபாரெக்ஸ் கார்டு விஷயத்தில் ஏமாந்தோம். டாலர் ஏற்றிய கார்டில் தாய்லாந்துப் பணமான பாட் செலவழித்தால் அதற்குத் தனியாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். கம்போடியா போகும்வரை அது பையில் சும்மாதான் கிடந்தது. அங்கே ஏடிஎம்மே டாலர் தருகிறது.

நாங்கள் போனபோது பாங்காக்கில் வெளிநாட்டுக் கார்டில் ஒரு முறை பணம் எடுத்தால் மெஷினுக்கு 220 பாட் கூலி. ஆயிரம் எடுத்தாலும் அதுதான், இருபதாயிரம் எடுத்தாலும் அதுதான். "கையில் இருந்தா செலவாயிடும்" என்று இவர் ஊரில் எடுப்பது போலவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பத்து நாளில் ஐந்து தடவை. கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்தால் கூலி மட்டும் 1,100 பாட், கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய்!

இன்னொரு தந்திரமும் உண்டு. கடைசித் திரையில் மெஷின், "இத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் பிடிப்போம், சம்மதமா?" என்று கேட்கும். ரூபாயில் பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அந்த ரேட் மெஷின்காரர்கள் வைத்தது, நம் வங்கி ரேட்டை விட மோசம். 'டிக்ளைன்' அமுக்கினால் பணமே வராது என்று பயந்து இரண்டு முறை சம்மதம் கொடுத்துவிட்டோம். மூன்றாவது முறை துணிந்து மறுத்தேன். பணம் கடகடவென்று வந்தது. கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அந்த ஊர் நாணயத்திலேயே போடச் சொல்ல வேண்டும்.

ஹனோயில் இளநீர் குடித்துவிட்டு, வியட்நாம் பணமான டாங்கில் இருபதாயிரம் நோட்டு என்று நினைத்து ஒன்றை நீட்டினேன். பத்தடி நடந்திருப்பேன், இளநீர் விற்ற அம்மா ஓடி வந்து என் தோளைத் தொட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். பார்த்தால் ஐந்து லட்சம் டாங்! இரண்டும் நீலம், இரண்டும் வழவழப்பான பிளாஸ்டிக் நோட்டு, ஒன்றுக்கு நாலு சைபர், மற்றதற்கு ஐந்து. சுமார் 70 ரூபாய்க்குப் பதில் 1,700 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனிக் கவரில் போட்டுவிட்டேன்.

அடுத்தது வியட்நாமிலேயே ஹுவே நகரம். டிசம்பர், ஞாயிறு சாயங்காலம், நசநசவென்று மழை. ஏடிஎம்மில் இருபது லட்சம் டாங் எடுத்து, எண்ணி, குடையை விரித்து வெளியே வந்தேன். எனக்குப் பழக்கமான மெஷின்களில் கார்டை உருவினால்தான் பணம் வரும். இது முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கார்டை நீட்டுகிறது. பணம் கைக்கு வந்தால் வேலை முடிந்தது என்று பழகிய உடம்பு நடந்துவிட்டது. தெருமுனையில் இவர், "கார்டு எங்கே?" என்றார். திரும்பி ஓடினோம். மெஷின் அதை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது.

சரி, ஆப்பில் கார்டைப் பூட்டிவிடலாம் என்று திறந்தால், 'பதிவு செய்த சிம் இந்த போனில் இல்லை' என்கிறது. வியட்நாம் சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றி ஹோட்டல் அறையில் வைத்திருந்தேன். இரண்டாவது சிம் இடத்தில் போட்டோக்கள் நிறைந்த மெமரி கார்டு. அறைக்கு ஓடி, சிம் தட்டைத் திறக்கிற குச்சியைக் காணாமல், துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நெம்பினேன். சிம் சிக்னல் பிடிக்கப் பத்து நிமிஷம். ஊரிலேயே ரோமிங் போட்டு வந்ததால் பிடித்தது. கார்டைப் பூட்டியதும்தான் மூச்சு வந்தது.

மறுநாள் காலை அந்த வங்கிக் கிளைக்குப் போனோம். மெஷினைத் திறக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் ஒரு சின்னப் பெண் என் கார்டை எடுத்து வந்தாள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கார்டில் என் பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக நிற்கிறது. அவள் கணக்கில் இரண்டும் வேறு வேறு ஆள். பின்பக்கம் திருப்பினாள், கையெழுத்துப் பட்டை காலி. வாங்கிய நாளிலிருந்து நான் அதில் கையெழுத்தே போடவில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை ஆங்கிலமும் சைகையுமாக எப்படிச் சொல்வது? சட்டென்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. அங்கே தந்தை பெயர் தனியாக அச்சாகியிருக்கும். அந்தப் பெயரின் முதல் எழுத்தில் ஒரு விரல், கார்டின் இனிஷியலில் ஒரு விரல் வைத்து, "ஃபாதர், ஃபாதர்" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள், மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு படிவத்தில் மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டாள். வாசல் படியிலேயே உட்கார்ந்து கார்டின் பின்னால் கையெழுத்துப் போட்டேன். கார்டு கிடைக்காமல் போயிருந்தாலும் என் இன்னொரு கார்டு இவர் பையில் இருந்தது, சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இருந்திருக்காது. ஆனால் புதுக் கார்டை வங்கி மதுரை வீட்டு முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கும்.

அன்று ராத்திரியே போட்டோக்களை ஏற்றிவிட்டு மெமரி கார்டைக் கழற்றி இரண்டு சிம்மையும் போனிலேயே போட்டேன். அது வரைக்கும் பணத்துக்குப் பூட்டு இடுப்புப் பை என்று நினைத்திருந்தேன். பூட்டு, சாவி இரண்டும் அந்த நகக்கண் அளவு சிம்தான்.

இடுப்புப் பையின் லட்சணம் கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் தெரிந்தது. வியர்வையில் ஊறி, நாலாக மடிந்து, ஒரு 50 டாலர் நோட்டு மடிப்பில் இம்மியளவு கிழிந்திருந்தது. கம்போடியாவில் டாலரைத் தாராளமாக வாங்குவார்கள், அந்த ஊர்ப் பணமான ரியெல்லில் நாலாயிரம் ஒரு டாலர் என்று மீதியும் தருவார்கள், ஆனால் கிழிசல் நோட்டைத் தொடமாட்டார்கள். மூன்று கடையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். நாணயம் மாற்றுகிற ஒருவர் 45 டாலர் என்று எடுத்துக்கொண்டார். மீதி நோட்டுகளை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு ஆளுக்கு 62 டாலர், அதை மட்டும் கார்டில் கட்டினோம்.

திரும்பி வந்தபோது 340 டாலர் மிச்சம். 2,000 டாலர் வரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் மாற்றவில்லை. லாவோஸ் பணமான கிப்தான் பாவம். அந்த நாட்டைத் தாண்டினால் யாரும் வாங்குவதில்லை என்று எல்லை தாண்டிய பிறகுதான் தெரிந்தது. மூன்று லட்சம் கிப், மூன்றே நோட்டு. எண்ணிப் பார்த்த அம்மா, "மூணு லட்சமா?" என்று கேட்டுவிட்டுக் கடுகு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். நான் இன்னும் திருத்தவில்லை.