வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை

கம்பியில்லா இயர்போனின் இடப்பக்கம் இப்போதெல்லாம் ஒரு நீண்ட அழைப்பைக்கூடத் தாங்குவதில்லை. ஒலி கெடவில்லை, மைக் கெடவில்லை, மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரி மட்டும் தளர்ந்துவிட்டது. அதை மாற்ற வழி உண்டா என்று பார்த்தால், உறையின் இரு பாதிகளும் பசை வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. பிளந்தால்தான் திறக்கும், பிளந்தபின் மூடாது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பேட்டரி மாற்றித் தரும் சேவை இல்லை என்றும், புதிது வாங்கினால் தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்தது.

பொருள் தேய்வதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் லித்தியம் அயனி பேட்டரி சிறிது சிறிதாகத் தன் கொள்ளளவை இழக்கும், அது வேதியியல். ஆனால் இந்தப் பொருள் ஏறத்தாழ எப்போது ஓயும் என்பது அதை வடிவமைத்தவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, காசு கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் தெரிவதில்லை. மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவதைப் போல, பேட்டரியை மாற்ற முடியாத ஒவ்வொரு பொருளின் பெட்டியிலும் அதன் ஆயுளை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருந்தால், நம்மில் எத்தனை பேர் அதை வாங்குவோம்? இழுப்பறையில் கிடக்கும் பழைய கம்பி இயர்போன் இன்றும் நன்றாகப் பாடுகிறது. அதில் ஓய்ந்துபோக பேட்டரி என்று எதுவும் இல்லை.

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஆஸ்ரம், பிலிப்ஸ் முதலான மின்விளக்கு நிறுவனங்கள் சேர்ந்து ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, குண்டு பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்றும் வகுத்துக்கொண்டன. அதற்கு முன் 1500 மணி நேரம், 2000 மணி நேரம் எரிந்த பல்புகள் இருந்தன. உறுப்பு நிறுவனங்களின் பல்புகளைச் சோதனைக்கூடத்தில் எரியவிட்டுப் பார்த்து, வரம்பை மீறி நீடித்தால் அபராதம் விதித்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தக் கூட்டமைப்பு குலைந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. நெடுநாள் எரியும்படி செய்யப்பட்ட இழை மங்கலாக எரியும்; அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் மின்சாரம் தின்னும். ஆகவே 1000 மணி நேரம் என்பதைப் பொறியியல் கணக்காகவும் காட்ட முடியும். ஆனால் பொறியியல் கணக்கு மட்டுமே என்றால், அதிக நாள் உழைத்த பல்புக்கு அபராதம் எதற்கு? இன்று யாரும் கூடி ஒப்பந்தம் போட வேண்டிய தேவைகூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு துளி பசை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை

கைபேசியின் பேட்டரியை இன்று நானே மாற்றினேன். பாதுகாப்புக்காக முதலில் சார்ஜைக் கால்வாசிக்கும் கீழே இறக்கி, அடி விளிம்பில் இருந்த ஐந்து முனைத் திருகாணிகளைக் கழற்றினேன். சாதாரண வீட்டில் இருக்கும் எந்தத் திருப்புளியும் அதில் பொருந்தாது. அதற்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். பிறகு விளிம்பைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் செருகி நகர்த்த நகர்த்த, கருத்த பசை நூல் நூலாக இழுபட்டு வந்தது. பழைய பேட்டரி நடுவில் சற்றே உப்பியிருந்தது. அதைப் பிடித்திருந்த பசைப்பட்டையைக் கீழிருந்து மெதுவாக இழுத்தால் முழுதாக வரும் என்று சொல்கிறார்கள், பாதியில் அறுந்துவிட்டது. வளைத்தோ குத்தியோ எடுத்தால் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்பதால், மீதியை எடுக்கத்தான் மிகுந்த பொறுமை தேவைப்பட்டது.

புதிய பேட்டரி பொருந்தியது, கைபேசி உயிர்பெற்றது, கூடவே திரையில் ஓர் அறிவிப்பும் வந்தது: இது அசல் பேட்டரிதானா என்று உறுதிசெய்ய முடியவில்லையாம். உதிரிபாகத்தின் எண்ணைக் கைபேசியின் மென்பொருளோடு பிணைத்து வைத்திருப்பதால், நிறுவனம் ஒப்புதல் தராத எதையும் அந்தக் கருவி அந்நியமாகவே பார்க்கிறது. திருடிய கைபேசிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பதைத் தடுக்கவும், தரமற்ற பேட்டரிகளிலிருந்து மக்களைக் காக்கவும் இந்தப் பிணைப்பு வேண்டும் என்கிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும் எச்சரிப்பது வேறு, முடக்குவது வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய பழுதுபார்ப்புச் சட்டம், பழுதுபார்ப்பதைத் தடுக்கும் நோக்கிலான இத்தகைய பிணைப்புக்கு வெளிப்படையாகத் தடைவிதித்தது. அந்த வழி சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு இன்றோடு முடிகிறது. 2015 ஜூலையில் வெளியான ஒரு மென்பொருளைப் பத்தாண்டுகளுக்கு மேல் பராமரித்தது குறைந்த காலமல்ல. தீயவர்கள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே இருப்பதற்கு ஆளும் பணமும் வேண்டும். இதை ஒப்புக்கொண்டபின்னும் ஒரு கேள்வி நிற்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், பட்டியலிட்ட செயலிகளில் ஒன்றும் வேண்டும் என்பது விதி. இன்டெல்லைப் பொறுத்தவரை ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விசைப்பலகை, திரை, வன்தட்டு எல்லாம் ஒழுங்காக வேலைசெய்யும் கணினிகள் ஏராளமானவை ஒரே நாளில் பாதுகாப்பற்றவை ஆகின்றன. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. அது முடிவைத் தள்ளிவைக்கிறது, அவ்வளவே.

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் படிக்கவும் ஒரு கணினி போதும் என்று இருப்பவருக்கு, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் நல்ல மாற்று. இதை நான் பலருக்கும் சொல்லிவருகிறேன். ஆனால் அதை நிறுவத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத ஒரு முதியவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? திறமை உள்ளவனுக்கு மட்டும் பொருள் நீடிக்கும், மற்றவன் புதிது வாங்க வேண்டும் என்ற நிலை, தொழில்நுட்பப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டி விடுகிறது.

2025 அக்டோபர் 15, புதன்கிழமை

நேற்று எழுதியதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். “அண்ணா, மாத்துறதுக்குச் செலவாகுற நேரத்துக்குப் புதுசே வாங்கிடலாமே” என்றான். நேரத்தின் விலை அவன் கணக்கில் சரி. ஆனால் பழுதுபார்ப்பதை இவ்வளவு கடினமாக ஆக்கியது யார் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை

கையில் பிடிக்க முடிகிற பொருளுக்கே இந்தக் கதி என்றால், கையில் பிடிக்க முடியாதவற்றை என்ன சொல்ல? 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாடிக்கையாளர்கள் வாங்கியிருந்த நூல்கள் ஜூலை மாதத்தில் திறக்காமல் போயின. விலையை முழுவதும் திருப்பித் தந்தார்கள். நூலில் குறிப்புகள் எழுதிவைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் தந்தார்கள். 2009இல் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் பதிப்பித்த நூல்கள் என்று தெரியவந்ததும், வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவற்றைத் தொலைவிலிருந்தே நீக்கியது. பின்னர் அதன் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு இடத்திலும் பணம் திரும்பி வந்தது. வாசகர் ஓரத்தில் எழுதிய வரி, அந்த வரிக்காக அவர் உட்கார்ந்து யோசித்த மாலைப்பொழுது, இவற்றை எப்படித் திருப்பித் தருவது? என் அலமாரியில் இருக்கும் நூல்களைப் பதிப்பித்த நிறுவனங்கள் சில இன்று இல்லை. நூல்கள் இருக்கின்றன. நான் விரும்பினால் இரவல் தருவேன், பழைய புத்தகமாக விற்பேன், என் காலத்துக்குப் பின் யாரேனும் எடுத்துப் படிப்பார்கள். மின்நூலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் அனுமதி மட்டுமே. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா மாநிலத்தில், டிஜிட்டல் பொருளை விற்பவர் அது வெறும் உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது என்பது என் கருத்து. ஆனாலும் சொல்லாமல் விற்றதைவிட இது நேர்மையானது.

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை

ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட மின்கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மீதியில் என் பழைய இயர்போனைப் போன்றவை எத்தனை என்று நினைக்கும்போது, பசையின் மீதுள்ள கோபம் மீண்டும் எழுகிறது.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். அந்த மாதிரியின் விற்பனை நின்றபின்னும் ஏழாண்டுகள் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்தாண்டுகளேனும் மென்பொருள் புதுப்பிப்புகள் வர வேண்டும். பேட்டரி ஆயுளையும் பழுதுபார்க்கும் எளிமையையும் காட்டும் அடையாள அட்டையையும் ஒட்ட வேண்டும். அட்டையில் ஆயுளை அச்சிடுவது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த விதிகள் தொடாத இடம் ஒன்று உண்டு. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே மாதத்தில் சேவையகத்தை நிறுத்தியதும், ஆயுள்கால சந்தா என்று சொல்லி விற்ற அந்தக் கருவி எதற்கும் உதவாததாயிற்று. அதில் பேட்டரி தளரவில்லை, திருகாணி தேயவில்லை. எங்கோ இருந்த ஒரு கணினியை நிறுத்திவிட்டார்கள். இன்று கதவுப் பூட்டும் கேமராவும் மின்விளக்கும்கூட இப்படித்தான் தொலைதூரத்தை நம்பி நிற்கின்றன. சேவையகத்தை மூட விரும்பும் நிறுவனம், மூடுவதற்கு முன் அந்தக் கருவி தனித்தோ வேறொருவரின் சேவையகத்தோடோ இயங்குவதற்குத் தேவையான மென்பொருளையும் விவரங்களையும் வெளியிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அடுத்த பேட்டரி விதியைவிட இது அவசரமானது என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் பசையையாவது சூடாக்கி நானே பிரித்துவிட முடியும்.