ரோஸ்லினின் பட்டு: ஸ்டாக்ஹோமிலிருந்து கிரிப்ஸ்ஹோல்ம் வரை

ஸ்டாக்ஹோம் அரண்மனையின் படித்துறையில் நின்று பார்த்தால், நீருக்கு அப்பால் பிளாசியேஹோல்மன் கரையில் ஒரு பெரிய இத்தாலிய மாளிகையைப் போலத் தெரியும் கட்டடம்தான் ஸ்வீடனின் தேசிய அருங்காட்சியகம். 1866-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தை 2013-இல் மூடி, ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்து, 2018-இல் மீண்டும் திறந்தார்கள். அந்தப் புதுப்பிப்பில் நான் பெரிதும் மதிக்கும் செயல் ஒன்று உண்டு. காலப்போக்கில் அடைத்து வைத்திருந்த சன்னல்கள் பலவற்றை அவர்கள் திறந்துவிட்டார்கள். பகல் வெளிச்சம் இப்போது அரங்குகளுக்குள் தாராளமாக வருகிறது. ஓவியத்துக்கு அது நல்லதா என்பதை அறிந்தவர்கள் சொல்லட்டும். பட்டுக்கு அது மிக அவசியம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் தந்தையார் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் நின்றவர். சேலையை விரித்துக் காட்டியதும், வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். குழல்விளக்கின் கீழ் எந்தப் பட்டும் பொய் சொல்லும் என்பார். பள்ளி விடுமுறைகளில் அந்த வாசலில் நின்றே நான் துணியைப் பார்க்கக் கற்றேன். அதனால்தானோ என்னவோ, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களில் பிறர் முகங்களைப் பார்க்கும்போது என் கண் உடைகளின் மடிப்புகளுக்குப் போய்விடுகிறது. அலெக்சாண்டர் ரோஸ்லின் என்ற ஓவியரிடம் நான் வந்து சேர்ந்ததும் அந்த வழியில்தான்.

ரோஸ்லினின் 'முக்காடு அணிந்த பெண்' ஸ்வீடனில் எல்லோரும் அறிந்த முகம். அருங்காட்சியகக் கடையில் அஞ்சலட்டை, காந்த வில்லை, பை என்று பார்க்குமிடமெல்லாம் அவள்தான் இருக்கிறாள். அசல் ஓவியமோ நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. உயரம் 65 சென்டிமீட்டர், அகலம் 54. கறுப்புப் பட்டு முக்காடு தலையையும் முகத்தின் ஒரு பக்கத்தையும் மூடியிருக்கிறது. ஒரு கண் நம்மை நேராகப் பார்க்க, மற்றது முக்காட்டின் நிழலில் ஒதுங்கியிருக்கிறது. கையில் விசிறி, உதட்டில் அடக்கிக்கொண்ட சிரிப்பு. இத்தாலியில் போலோஞா நகரத்துப் பெண்கள் முக்காடு இடும் பாணி அது. ரோஸ்லின் இளமையில் அந்த ஊரில் இருந்தவர். 1768-இல் பாரிஸில் இருந்தபடி, அந்தப் பழைய நினைவை எடுத்துத் தம் மனைவிக்கு அணிவித்து வரைந்திருக்கிறார்.

கறுப்புத் துணியை வரைவது எளிது என்று நினைப்பவர்கள் கறுப்புப் பட்டை விற்றுப் பார்த்ததில்லை. வெளிச்சம் சரியாக விழாவிட்டால் அது துணியாகவே தெரியாது, ஒரு பள்ளமாகத்தான் தெரியும். நான் ஓவியத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். மடிப்பின் முகடுகளில் சுத்த வெள்ளையைத் தொடாமல், சாம்பல் நிறத்தை மட்டும் ஏற்றி இறக்கியே அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார். முக்காடு கனமான பட்டு, உள்ளே இருக்கும் வெளிறிய இளஞ்சிவப்பு உடை அதைவிட மென்மையான பட்டு, ஓரத்தில் இருப்பது பட்டே அல்ல, நூல் பின்னல் என்று தொடாமலே சொல்லிவிடலாம். காவலர் இருமுறை என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். சொன்னது நியாயம்தான்.

ரோஸ்லின் 1718 ஜூலை 15 அன்று மால்மோ நகரில் பிறந்தார். தந்தை கடற்படை மருத்துவர். மகனும் கடற்படைப் பக்கமே போவான் என்று எண்ணியிருக்க வேண்டும். ஏனெனில் சிறுவனின் முதல் வரைகலைப் பயிற்சி கார்ல்ஸ்க்ரோனா கடற்படைத் துறைமுகத்தில் ஓர் அதிகாரியிடம் நடந்தது. பிறகு ஸ்டாக்ஹோமில் அரசவை ஓவியர் கேயார்க் எங்கெல்ஹார்ட் ஷ்ரோடரிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து ஸ்வீடனில் உருவப்படக் கலைஞருக்குக் கிடைத்த வேலை குறைவு, கூலி அதைவிடக் குறைவு. 1745-இல் ஜெர்மனியின் பைரோய்த் சிற்றரசவைக்குப் புறப்பட்டவர், அங்கிருந்து இத்தாலிக்குச் சென்று வெனிஸ், போலோஞா, ஃப்ளோரன்ஸ், நேப்பிள்ஸ் என்று ஊர் ஊராக அலைந்து, பார்மா அரசவையில் வேலை பார்த்தார். பார்மாவின் கோமகள் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் மகள். அந்த அம்மையாரின் பரிந்துரையோடு 1752-இல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது ரோஸ்லினுக்கு வயது 34. அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அயல்நாட்டவர், அதிலும் கத்தோலிக்கர் அல்லாத லூத்தரன். இவ்வளவு விரைவாக உள்ளே நுழைந்தார் என்றால், திறமையோடு சேர்த்து யாரைப் பிடிக்க வேண்டும் என்ற அறிவும் அவருக்கு இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

சாட்டின் போன்ற முகம் உள்ளவர் ரோஸ்லினிடம்தான் வரைந்துகொள்ள வேண்டும் என்று பாரிஸில் ஒரு வேடிக்கைச் செய்யுள் வழங்கியது. பாராட்டு போலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு குத்தல் இருக்கிறது. துணி நன்றாக இருக்கிறது, ஆள் எங்கே என்ற கேள்வி அது. அக்காலத்தின் கூர்மையான விமர்சகரான தெனி திதெரோ இதே குறையை இன்னும் கடுமையாகச் சொன்னார். ல ரோஷ்ஃபூக்கோ பிரபுக் குடும்பத்தின் பெரிய கூட்டுப் படத்துக்கான வாய்ப்பு க்ரோஸ் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியரைத் தாண்டி ரோஸ்லினுக்குப் போனது. 1765 கண்காட்சியில் அந்தப் படம் வைக்கப்பட்டபோது திதெரோ அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அதே திதெரோ 1769-இல் முக்காடு அணிந்த பெண்ணைப் பார்த்தபோது மட்டும் மனமிரங்கி நல்ல வார்த்தை சொன்னார். ரோஸ்லினின் உடைகளை வியந்துகொண்டே வந்த நானும், திதெரோவின் பக்கம் ஓரளவு நியாயம் இருப்பதை அடுத்தடுத்த அரங்குகளில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரபுக்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சரிகை ஒளிர்கிறது, பட்டைகளும் பதக்கங்களும் இம்மி பிசகாமல் இருக்கின்றன. ஆனால் நாலைந்து பேரைக் கடந்தபின் எந்த முகமும் மனத்தில் நிற்கவில்லை.

நின்றுவிட்ட முகம் அந்த மனைவியுடையது. பெயர் மரி-சூசான் ஜிரூ. 1734-இல் பாரிஸில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். வண்ணச் சுண்ணக் கோல்களால் வரையும் பாஸ்டல் ஓவியத்தை லா தூர் என்ற பெரும் கலைஞரிடம் பயின்றார். வியென் என்ற ஓவியரிடமும் மாணவியாக இருந்தார். பாரிஸ் வந்த புதிதிலேயே ரோஸ்லின் அவரைச் சந்தித்தார். பெண் வீட்டார் மறுத்தார்கள். மாப்பிள்ளை கையில் காசு இல்லை, மதமும் வேறு. நம் ஊர்க் கதைபோல இருக்கிறதல்லவா? அரசவையில் செல்வாக்குள்ள பெரியவர்கள் குறுக்கிட்டு வழி செய்த பிறகே 1759-இல் திருமணம் நடந்தது. ஆறு குழந்தைகள் பிறந்தார்கள்.

அந்த இருவரையும் ஒருசேரக் காட்டும் 1767-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றும் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோஸ்லின் வரைந்ததுதான். ஆனால் அதில் வரைந்துகொண்டிருப்பவர் அவர் மனைவி. ஹென்ரிக் வில்ஹெல்ம் பெய்ல் என்ற ஸ்வீடிய நண்பரின் உருவத்தை அவர் பாஸ்டலில் தீட்டிக்கொண்டிருக்க, கணவர் அருகில் நிற்கிறார். முக்காட்டுப் படத்தின் முன் கூடிய கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இதன் முன் நிற்கவில்லை. எனக்கோ இதைப் பார்த்த பின்புதான் அது விளங்கியது. முக்காட்டுக்குள்ளிருந்து பார்க்கும் கண், வரையப்படுவதற்காக அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கண் மட்டுமல்ல. எதிரில் நிற்பவர் எந்த நிறத்தை எங்கே வைக்கிறார் என்று தானும் ஓர் ஓவியராகக் கவனித்துக்கொண்டிருந்தவரின் கண் அது. அந்தச் சிரிப்பு அதற்காகவே இருக்கலாம் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

1770-இல் ஓவியக் கழகம் அவரையும் உறுப்பினராக்கியது. சிற்பி பிகாலை அவர் பாஸ்டலில் வரைந்த உருவப்படமே அவரது நுழைவுப் படைப்பு. அது இன்று பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. அதே ஆண்டு இன்னொரு பெண் ஓவியரும் சேர்ந்தவுடன், பெண்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது என்று கழகம் எல்லை கட்டிக்கொண்டது. உறுப்பினரான இரண்டே ஆண்டுகளில், 1772 ஆகஸ்டில், மார்பகப் புற்றுநோயால் ஜிரூ இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 38.

அதற்கு முந்தைய ஆண்டில் ரோஸ்லினுக்குத் தாய்நாட்டிலிருந்து பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தாமாகவே வந்து சேர்ந்தார். இளவரசர் குஸ்தாவ் தம் தம்பி ஃப்ரெட்ரிக் அடால்ஃபுடன் 1771 தொடக்கத்தில் பாரிஸ் வந்திருந்தார். அங்கிருக்கும்போதே தந்தை இறந்த செய்தி எட்டி, அவர் மூன்றாம் குஸ்தாவ் மன்னரானார். மன்னரும் இரண்டு தம்பிகளும் ஒரு மேசையைச் சுற்றி இருப்பதாக ரோஸ்லின் வரைந்த படம் இதே கட்டடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. மூன்றாமவரான கார்ல் அப்போது பாரிஸிலேயே இல்லை, ஸ்வீடனில் இருந்தார். படத்தில் அது தெரியவே தெரியாது, மூவரும் ஒரே அறையில் பேசிக்கொண்டிருப்பதுபோலத்தான் இருக்கிறது. இதே குஸ்தாவை 1792-இல் முகமூடி நடனம் ஒன்றில் சுட்டார்கள். அன்று அவர் அணிந்திருந்த உடை, எதிர்க்கரை அரண்மனையின் அடியிலுள்ள அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது.

மனைவி இறந்த பிறகு ரோஸ்லின் ஒரு நீண்ட பயணம் புறப்பட்டார். 1774-இல் ஸ்வீடனுக்கு வந்து, ஓராண்டு போல இருந்து, வந்தவர் போனவரையெல்லாம் வரைந்தார். அடுத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் 1775 முதல் 1777 வரை. அங்கே பேரரசி இரண்டாம் கேதரினை வரைந்தபோது அம்மையாருக்குப் படம் பிடிக்கவில்லை. தம்மை ஒரு ஸ்வீடியச் சமையற்காரியைப் போல ஆக்கிவிட்டதாகக் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். சாட்டின் ஓவியர் என்று கேலிக்கு ஆளானவர் ஒருமுறை முகத்தை உள்ளபடி வரைந்ததற்குக் கிடைத்த பரிசு அது. இருந்தும் பணம் குறைவின்றி வந்தது. வார்சா, வியன்னா வழியாக மீண்டும் பாரிஸ் திரும்பியபோது அவர் பெரும் செல்வந்தர்.

அந்த ஸ்வீடன் வருகையின் விளைச்சலைப் பார்க்க மறுநாள் நான் கிரிப்ஸ்ஹோல்ம் கோட்டைக்குப் போனேன். மேலாரன் ஏரிக்கரையில் மரியேஃப்ரெட் என்ற சிற்றூரில் 1537-இல் குஸ்தாவ் வாசா கட்டத் தொடங்கிய செங்கல் கோட்டை அது. இன்று ஸ்வீடனின் அரசு உருவப்படத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஏரி வழியாகப் படகில் போகலாம் என்று முன்பதிவு செய்திருந்தேன். காலையில் போனால் அன்றைய பயணம் இல்லை என்றார்கள், காரணமும் சொல்லவில்லை. ரயிலில் லெக்கெஸ்டா வரை போய், பேருந்தைக் கோட்டைவிட்டு, மிச்சத் தொலைவைத் தூறலில் நனைந்தபடி நடந்தேன்.

கோட்டையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்குமிடம் ஒரு பாடம் செய்யப்பட்ட சிங்கம். 1731-இல் அல்ஜியர்ஸிலிருந்து அன்பளிப்பாக வந்த விலங்கு அது. இறந்தபின் அதைப் பாடம் செய்தவர் சிங்கத்தை உயிருடன் பார்த்ததே இல்லை போலும். நெருங்கி அமைந்த கண்களும் தொங்கும் நாக்குமாக அது வேறு ஏதோ ஒன்றாகிவிட்டது. ஆளைப் பார்க்காமலே கார்லை மேசையருகே நிறுத்திய ரோஸ்லினை அப்போது நான் மரியாதையோடு நினைத்துக்கொண்டேன்.

அங்கே எனக்காகக் காத்திருந்த முகம் தாவரவியலாளர் லின்னேயஸுடையது. 1775-இல் ரோஸ்லின் வரைந்த அந்த உருவப்படத்தின் அசல் ஸ்வீடிய அறிவியல் கழகத்தின் உடைமை. அதன் நகல் ஒன்று இந்தத் தொகுப்பில் இருக்கிறது. 2017 வரை செல்லுபடியான பழைய நூறு குரோனா தாளிலிருந்த முகமும் இதுவே. அப்போது லின்னேயஸுக்கு வயது 68. முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் தாக்கியிருந்தது. உதட்டோரத்தில் லேசான கேலி, கண்ணில் சோர்வு. இங்கே பட்டு பின்னால் போய்விட்டது. இந்த மனிதரிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அவர் பெயரைக் கறிவேப்பிலைக்குச் சூட்டியவர் லின்னேயஸ். ரசத்தில் ஒதுக்கி வைக்கும் இலைக்குப் பெயர் வைத்தவர் முன் நிற்கிறோம் என்ற எண்ணத்தில், நனைந்த காலணிகளைக்கூட மறந்து நின்றேன்.

தங்கிவிடும்படி பீட்டர்ஸ்பர்க்கில் கேட்டும், ஸ்வீடனில் மன்னரே ஆதரவாக இருந்தும், ரோஸ்லின் முதுமையைக் கழித்தது பாரிஸில்தான். அரசர் கொடுத்த ஓய்வூதியமும், லூவ்ர் மாளிகையில் ஒரு குடியிருப்பும் அவருக்கு இருந்தன. புரட்சி வந்தது, அவர் வரைந்த பிரபுக்களின் உலகம் அவர் சன்னலுக்கு வெளியே கலைந்துபோனது. 1793 ஜூலை 5 அன்று, எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு, அந்தக் குடியிருப்பிலேயே இறந்தார். அவரை உள்ளே ஏற்ற ஓவியக் கழகத்தை ஆகஸ்ட் 8 அன்று கலைத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பும் நாளில் விமானத்துக்கு நேரம் இருந்ததால் மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெயில் நாள். முக்காட்டின் மேல் விழும் வெளிச்சம் முதல் நாளைவிடத் துலக்கமாக இருந்தது. அன்று வெறும் கறுப்பு என்று நான் கடந்துபோன ஓரிடத்தில், தோள் திரும்பும் மடிப்பின் உள்ளே, இன்று லேசான நீலம் தெரிந்தது. அன்றிருந்த அதே காவலர்தான் பணியில் இருந்தார். இம்முறை அவர் சொல்வதற்கு முன்பே நான் தள்ளி நின்றுகொண்டேன்.