கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் தேர்வு: ஜோடி நோட்டு போட்டுப் படித்தேன், பாஸ்

கலிஃபோர்னியாவில் வீடு, நிலம் விற்க வாங்க உதவும் ஏஜெண்டாக லைசென்ஸ் பெற எழுத வேண்டிய சேல்ஸ்பர்சன் தேர்வில் பாஸாகிவிட்டேன். எத்தனை மார்க் என்று யாரும் கேட்க வேண்டாம், பாஸானவர்களுக்கு டிஆர்இ (தேர்வை நடத்தும் மாநில ரியல் எஸ்டேட் துறை) அதைச் சொல்வதில்லை. மனசு லேசாக இருக்கும் இந்தச் சூட்டோடு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நாள் போனால் எங்கே திணறினோம் என்பதே மறந்துபோகும். அப்புறம் எழுதினால் எல்லாம் சுலபம் என்கிற மாதிரி ஆகிவிடும், அது படிப்பவர்களுக்கு உதவாது.

150 கேள்வி, 3 மணி நேரம், பாஸாக 70 சதவீதம், இவ்வளவுதான் தேர்வின் அளவு. நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தேதி.

தேர்வு எழுத மூன்று கோர்ஸ் முடித்திருக்க வேண்டும்: பிரின்சிபிள்ஸ் (அடிப்படைகள்), பிராக்டிஸ் (நடைமுறை), கூடவே நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு எலெக்டிவ். மூன்றும் தலா 45 மணி நேரம். ஒரு கோர்ஸை இரண்டரை வாரத்துக்கு முன்னால் முடிக்க விதியில் இடமில்லை. எவ்வளவு வேகமாகப் படித்தாலும் மூன்றுக்கும் சேர்த்து 54 நாள் ஆகியே தீரும். இந்தக் கட்டாயக் காத்திருப்பைத்தான் பலர் வீணாக்குகிறார்கள். கோர்ஸ் முடியட்டும், தேர்வுக்கு அப்புறம் தனியாகப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தேர்வுக்கான படிப்பை முதல் கோர்ஸின் முதல் அத்தியாயத்திலேயே தொடங்கிவிட வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

எலெக்டிவ் எதை எடுப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். லீகல் ஆஸ்பெக்ட்ஸ் (சட்டப் பகுதி) எடுங்கள். ஏஜென்சி (வாடிக்கையாளருக்காகச் செயல்படுபவரின் கடமைகள்), கான்ட்ராக்ட்ஸ் (ஒப்பந்தங்கள்) இரண்டையும் அது இன்னொரு முறை உழுதுவிடுகிறது. தேர்வில் அந்த இரண்டுக்கும் சேர்த்து 29 சதவீதம். ப்ராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் சுலபமாக இருக்கும் என்று எடுப்பவர்கள் உண்டு. சுலபம்தான், ஆனால் தேர்வுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது.

ரொம்ப நாள் முன்னால் பிராக்டிஸ் கோர்ஸ் முடித்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கோர்ஸில் இம்ப்ளிசிட் பயஸ் (நம்மை அறியாமலே இருக்கும் பாரபட்சம்), ஃபேர் ஹவுசிங் (வீடு விஷயத்தில் பாகுபாடு காட்டாமை) பகுதிகள் கட்டாயமாகிவிட்டன. பழைய சான்றிதழ் செல்லுமா என்று பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

அடுத்து பெயர். நம் ஆட்களுக்கென்றே இருக்கிற தலைவலி இது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஓரிடத்தில், டிரைவர்ஸ் லைசென்ஸில் வேறிடத்தில், கோர்ஸ் நடத்துபவர்களிடம் வெறும் இனிஷியலாக இருக்கும். எனக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனம், நான் முழுப்பெயர் எழுதிக் கொடுத்திருந்தும் இனிஷியலோடு அச்சடித்து அனுப்பியது. விண்ணப்பத்தை அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். ஆனால் அதை மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மின்னஞ்சல் போட்டால் பதில் இல்லை, போன் செய்தால் வேறொருவரைக் கேளுங்கள் என்றார்கள். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. தேர்வு அறைக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே பெயர், அதே எழுத்துக்கள், அதே வரிசையில் எல்லாத் தாளிலும் இருக்கட்டும். கோர்ஸில் சேரும் அன்றே இதை முடித்துவிடுங்கள்.

ஹெச்4 விசாவில் (ஹெச்1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் ஐடிஐஎன் (வரிக்கான அடையாள எண்) போதும். லைசென்ஸ் வாங்குவது வேறு, வேலை செய்ய அனுமதி இருப்பது வேறு. ஈஏடி (வேலை அனுமதி அட்டை) விஷயத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு வழி. தேர்வுக்கு மட்டும் என்றால் ஆர்இ 400ஏ படிவம். தேர்வும் லைசென்ஸும் சேர்த்து என்றால் ஆர்இ 435. 2024 ஜூலை முதல் தேர்வுக்கு 100 டாலர், லைசென்ஸுக்கு 350 டாலர். நான் சேர்த்தே கட்டினேன். மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டால் எனக்குப் படிப்பில் பிடிப்பு வரும். பாஸான பிறகு மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு காத்திருப்பு என்பதும் இல்லை. லைவ் ஸ்கேன் கைரேகையையும் அப்போதே கொடுத்துவிட்டேன். கட்டிய பணம் திரும்பி வராது என்பதை யோசித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

எந்தத் தேதி வரை வந்த விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை டிஆர்இ தன் தளத்திலேயே போடுகிறது. கோர்ஸ் முடிவதற்கு முன்னாலிருந்தே அந்தப் பக்கத்தைப் பார்த்துவந்தால் உங்கள் முறை எப்போது வரும் என்று ஒரு கணக்கு கிடைக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் இ-லைசென்சிங் என்ற டிஆர்இயின் இணையச் சேவையில் தேதியை நாமே எடுக்கலாம். ஓக்லாந்து, சாக்ரமென்டோ, ஃபிரெஸ்னோ, லா பால்மா, சான் டியேகோ என்று மையங்கள். பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி) இருந்தால் ஓக்லாந்துதான் என்று அடம்பிடிக்காதீர்கள். சாக்ரமென்டோவில் நல்ல தேதி இருந்தால் எடுத்துவிடுங்கள். யாராவது தேதியை விட்டால் அந்த இடம் திரும்பவும் திரையில் வரும், அதனால் வேறு வேறு நேரத்தில் பார்க்க வேண்டும். காலை வேளை கிடைத்தால் காலைதான். மதியம் வரை காத்திருந்தால் எனக்குப் படித்தது கலங்கிவிடும். தேதி எடுத்த பிறகு மாற்றாதீர்கள். பணம் ஒரு பக்கம், தள்ளிப்போடும் பழக்கம் வந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம். என்னைப் பாஸாக்கியது ஒன்றே ஒன்றுதான், ஜோடி நோட்டு.

இந்தத் தேர்வில் நான்கு விடைகளில் இரண்டு பார்த்தவுடன் அடிபட்டுவிடும். மீதி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். அந்த இரண்டில் எது என்பதில்தான் தேர்வே இருக்கிறது. ஒரு சொல்லின் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இரண்டும் சரியாகத்தான் படும். அதனால் நான் எந்தச் சொல்லையும் தனியாகப் படிக்கவில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் அதோடு குழம்பக்கூடிய இன்னொன்று, நடுவில் ஒரே ஒரு வரி: எந்தத் தகவல் மாறினால் விடை மாறும்? நடுவரியைத் தமிழில்தான் எழுதினேன். சட்ட ஆங்கிலத்தை அப்படியே பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். நம் பேச்சில் எழுத வேண்டுமென்றால் புரிந்தாக வேண்டும்.

ஓர் உதாரணத்தை நன்றாகப் பாருங்கள். அட்வர்ஸ் பொசெஷன் (நெடுநாள் அனுபவித்தே அடுத்தவர் நிலத்துக்கு உரிமையாளர் ஆவது) ஒரு பக்கம், ஈஸ்மென்ட் பை ப்ரிஸ்கிரிப்ஷன் (நெடுநாள் பயன்படுத்தியே அடுத்தவர் நிலத்தில் பாதை போன்ற உரிமை பெறுவது) ஒரு பக்கம். கலிஃபோர்னியாவில் இரண்டுக்கும் 5 வருடம். இரண்டிலும் வெளிப்படையாக, உரிமையாளர் சம்மதம் இல்லாமல், விட்டு விட்டு இல்லாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்புறம் என்ன வித்தியாசம்? சொத்து வரி. அட்வர்ஸ் பொசெஷனில் அந்த 5 வருடமும் வரி கட்டியிருக்க வேண்டும், கிடைப்பது டைட்டில், அதாவது நிலத்தின் உரிமையே. ப்ரிஸ்கிரிப்ஷனில் வரி கேட்பதில்லை, கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நிலத்தின் வழியே ஏழு வருடமாக நடந்து போகிறார் என்று கேள்வி வந்தால் வருடத்தைப் பார்த்து மயங்காமல் வரி கட்டினாரா என்று தேட வேண்டும். கேள்வியில் வரிப் பேச்சே இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

என் நோட்டில் அடிக்கடி புரட்டிய பக்கங்கள்:

- கமிங்கிளிங், கன்வர்ஷன். வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலப்பது முதலாவது. அதை எடுத்துச் செலவழிப்பது இரண்டாவது. (டிரஸ்ட் அக்கவுன்ட்டில் வங்கிக் கட்டணத்துக்காக புரோக்கரின் சொந்தப் பணம் 200 டாலர் வரை இருக்கலாம்.)
- போலீஸ் பவர் (அரசு விதி போட்டு நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது, சோனிங் மாதிரி), எமினன்ட் டொமைன் (பொதுத் தேவைக்கு அரசு நிலத்தை எடுப்பது). நஷ்டஈடு உண்டா? சோனிங்கில் இல்லை. நிலத்தையே எடுத்தால் உண்டு.
- லீன் (கடனுக்காகச் சொத்தின் மேல் உள்ள பிடி), என்கம்பரன்ஸ் (சொத்தின் மேல் உள்ள எந்தச் சுமையும்). லீன் எல்லாம் என்கம்பரன்ஸ்தான், ஆனால் என்கம்பரன்ஸ் எல்லாம் லீன் ஆகாது.
- ஜாயின்ட் டெனன்சி, டெனன்சி இன் காமன். இரண்டும் கூட்டு உரிமைதான். முதலாவதில் உயில் எழுதி வைத்தாலும் பங்கு மற்ற கூட்டாளிக்கே போகும்.
- வீட்டுக் கடனை எஃப்ஹெச்ஏ (மத்திய வீட்டுவசதி அமைப்பு) இன்ஷூர் செய்கிறது, விஏ (முன்னாள் படைவீரர் துறை) கேரண்டி தருகிறது. வழக்கமாகக் கடன் கொடுப்பது இரண்டும் இல்லை.
- கிராண்ட் டீட், க்விட்கிளெய்ம் டீட். இரண்டும் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். முதலாவதில் சொல்லாமலே இரண்டு வாரன்ட்டி (உறுதிமொழி) உண்டு. இரண்டாவதில் ஒன்றும் இல்லை.
- ஃபங்ஷனல், எகனாமிக் அப்ஸொலெசன்ஸ் (குறையால் சொத்தின் மதிப்பு இறங்குவது). குறை வேலிக்கு உள்ளேயா வெளியேயா?
- டிரஸ்டீஸ் சேல், ஜுடிஷியல் ஃபோர்க்ளோஷர். கடன் கட்டாத வீட்டை விற்பது, முதலாவது நீதிமன்றம் போகாமல், இரண்டாவது நீதிமன்றம் வழியே. விற்ற பிறகு மீட்கும் உரிமை இரண்டாவதில்தான் வரும்.
- அசைன்மென்ட் (ஒப்பந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவது), நோவேஷன் (பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது போடுவது). பழைய ஆள் பொறுப்பிலிருந்து விடுபட்டாரா?
- ஸ்டீரிங், பிளாக்பஸ்டிங், ரெட்லைனிங். இது மூன்று, எல்லாமே இனம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவது. வாங்குபவரைத் திருப்பி விடுவது, விற்பவரைப் பயமுறுத்துவது, கடனை மறுப்பது.

காலையில் காபி குடிக்கும்போது என் கணவர் நோட்டைத் திறந்து ஏதாவது ஒரு ஜோடியைச் சொல்வார். நடுவரியை மட்டும் நான் சொல்ல வேண்டும். வரையறை சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். இவ்வளவுதான் எங்கள் பயிற்சி, தினமும் நடந்தது.

கேள்வி வங்கிகள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆயிரக்கணக்கில் கேள்வி என்று விளம்பரம் செய்த ஒரு கிராஷ் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். பாதி பழைய கேள்விகள், சிலவற்றில் விடையே தப்பு, விளக்கம் கிடையாது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் கேள்வியைப் படிக்காமலே விடை ஞாபகம் வந்துவிடும். 90 சதவீதம் எடுத்தோம் என்று தைரியம் வரும், அது பொய்த் தைரியம். கேள்வி வங்கியைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஜோடி தேடுவதற்காக மட்டும். ஒரு கேள்வி தப்பானால் எந்த இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறினோம் என்று பார்த்து நோட்டில் ஏற்றிவிட்டு நகருங்கள். வீடியோக்களும் எனக்கு ஒத்துவரவில்லை. கையால் எழுதினால்தான் என் மண்டையில் நிற்கும். கேட்டே கற்பவர் என்றால் நடுவரிகளைப் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எதற்கு எவ்வளவு நேரம் என்பதற்கு டிஆர்இ கொடுத்திருக்கும் சதவீதமே போதும். பிராக்டிஸ் அண்ட் டிஸ்க்ளோஷர்ஸ் (நடைமுறையும், வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டிய தகவல்களும்) 25, ஏஜென்சி 17, ப்ராப்பர்ட்டி ஓனர்ஷிப் 15, வேல்யூவேஷன் 14, கான்ட்ராக்ட்ஸ் 12, ஃபைனான்சிங் 9, டிரான்ஸ்ஃபர் 8. ஐடி வேலையில் இருக்கும் நண்பர்கள் கணக்கில் போய் விழுகிறார்கள், அது பழகிய இடம் என்பதால். கணக்குக் கேள்விகள் மிகக் குறைவு. நில அளவையில் ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன், நிகர வருமானத்தை கேப் ரேட்டால் (முதலீட்டு வருமான விகிதம்) வகுத்தால் மதிப்பு, டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் (சொத்து கைமாறும்போது வரும் வரி) ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். இவை கைவசம் இருந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு டிஸ்க்ளோஷர் பக்கம் வாருங்கள்.

அங்கே எண்கள் முக்கியம். 1978க்கு முந்திய வீடு என்றால் லெட் பெயின்ட் (ஈயம் கலந்த பெயின்ட்) பற்றிச் சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு 10 நாள். டிடிஎஸ் (வீட்டின் நிலையை விற்பவர் எழுதித் தரும் படிவம்) ஆஃபருக்குப் பிறகு வந்தால் நேரில் கொடுத்ததற்கு 3 நாள், தபாலில் வந்ததற்கு 5 நாள், அதற்குள் வாங்குபவர் விலகலாம். வீட்டில் 3 வருடத்துக்குள் மரணம் நடந்திருந்தால் சொல்ல வேண்டும். அதற்கு முந்தியது என்றால் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. இயற்கை அபாய அறிக்கையில் ஆறு வகை மண்டலங்கள். ஏஜெண்ட் வீட்டைக் கண்ணால் பார்த்து ஆராய வேண்டிய கடமை 1984ஆம் ஆண்டின் ஈஸ்டன் வழக்கிலிருந்து வந்தது. ஏஜென்சியில் டிஸ்க்ளோஸ், எலெக்ட், கன்ஃபர்ம் (யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை விளக்குவது, தேர்ந்தெடுப்பது, உறுதி செய்வது) என்ற வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு 72 விநாடி. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்தேன். எக்செப்ட், லீஸ்ட், மோஸ்ட் எல்லாம் அங்கேதான் இருக்கும். முதல் சுற்றில் ஜோடி தெரிந்த கேள்விகள். தெரியாதவற்றுக்கும் ஒரு விடையைப் போட்டுவிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. இரண்டாவது சுற்றில் குறித்தவற்றை மட்டும் பார்த்தேன். புதிதாக ஏதோ ஒரு தகவல் கண்ணில் பட்டால் ஒழிய முதல் விடையை மாற்றவில்லை.

இந்த முறை தவறிப்போனவர்கள் மனம் விட வேண்டாம். உங்களுக்குப் பகுதிவாரியாகச் சதவீதம் கொடுத்திருப்பார்கள், பாஸான எனக்குக் கூட அது கிடைக்கவில்லை. அதை எடுத்து மேலே சொன்ன 25, 17, 15 பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். டிரான்ஸ்ஃபரில் 50 வாங்கியதை விட டிஸ்க்ளோஷரில் 60 வாங்கியதுதான் உங்களை அதிகம் இழுத்திருக்கும், முதலில் அதைத் தூக்குங்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை, ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டி மறுதேர்வு எழுதலாம், கோர்ஸைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. தேர்வுக்கு மட்டும் விண்ணப்பித்துப் பாஸானவர்கள் ஒரு வருடத்துக்குள் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.