வளவில் மாட்டிய குவில்ட்டுகள்

செட்டிநாட்டு வீட்டில் கண்காட்சி வைத்தோம் என்றால் எல்லோரும் வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். வாடகை பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். சம்மதம் வாங்குவதும், வாங்கிய பிறகு அந்த வீட்டில் துணியைத் தொங்கவிடுவதும்தான் வேலை. உங்கள் ஊரில் இப்படி ஒன்றை நடத்தும் எண்ணம் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று அக்கம்பக்கத்தில் துணியும் நூலுமாக இருப்பவர்கள் சேர்ந்த சின்னக் குழு எங்களுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒரு தையல்காரர், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார், கல்லூரிப் பெண்கள் சிலர். நான் வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறேன். நாங்கள் செய்வது ஆர்ட் குவில்ட். துண்டுத்துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே ஓர் அடித்துணி, மூன்றையும் பிடித்து நிறுத்தும் தையல். போர்த்திக்கொள்ள அல்ல, மாட்டிவைத்துப் பார்க்க.

கல்யாண மண்டபத்தில் வைத்தால் ஆடித் தள்ளுபடி என்று நினைத்து வந்து பெட்ஷீட் விலை கேட்பார்கள். அதனால் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிடித்தோம். அது பங்கு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றமும் தாழ்வாரமுமான வளவு எல்லோருக்கும் பொது, அதைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிக்கு ஒன்றாக. கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் எல்லோரும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் காவல்காரர் மட்டும். ஒரு பங்காளி சரி என்றால் போதாது. சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒவ்வொருவராகப் பேச வேண்டியிருந்தது. எல்லோருக்கும் மூத்தவரான சென்னை ஆச்சியிடம் முதலில் பேசியிருந்தால் மற்றவர்கள் தானாகவே சரி என்றிருப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்தப் பக்கத்து வீடு எதற்கும் இது பொருந்தும்: மூத்த ஆச்சி யார் என்று விசாரித்துவிட்டு போனை எடுங்கள்.

ஆச்சி கேட்டது ஒரே கேள்வி. "போர்வையை எதுக்கும்மா சுவத்துல மாட்டணும்?" 1971இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியம் மாதிரிச் சுவரில் மாட்டிக் காட்டியதையும், அதற்கப்புறம் உலகம் அவற்றைப் பார்க்கும் பார்வையே மாறியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, ஆணி அடிக்கக் கூடாது" என்றார்.

தேதியும் லேசில் அமையவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முழுக்கக் கல்யாணம். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் காரைக்குடிக்காரர் யாரும் வேறெங்கும் திரும்ப மாட்டார்கள். மாசி பிறந்த கையோடு ஒரு வாரம் கிடைத்தது.

குவில்ட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது. ஆளுக்கு ஒன்று நிச்சயம். இரண்டாவது வேண்டுமானால் பெயரை மறைத்து, முழுப்படம் ஒன்றும் கிட்டப்படம் ஒன்றும் வெளியூர் நடுவருக்குப் போகும் என்று வைத்தோம். கிட்டப்படம் கேட்டதும் பாதிப் பேருக்கு உற்சாகம் இறங்கிவிட்டது, தையல் தெரியுமே! ஓர் உறுப்பினர் அருமையான எம்பிராய்டரி கொண்டுவந்தார். ஒரே அடுக்குத் துணி. ஒஹையோவில் 1979 முதல் நடக்கும் குவில்ட் நேஷனல் கண்காட்சியின் விதியைக் காட்டினோம்: என்ன புதுமை செய்தாலும் குறைந்தது இரண்டு அடுக்கு, அவற்றைப் பிணைக்கத் தையலோ வேறு பிடிப்போ இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போனவர், அடுக்கு வைத்துத் தைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முன்னைவிட நன்றாக இருந்தது.

இன்னொரு தொல்லை ஆத்தங்குடிக் கல், இந்தப் பக்கத்து வீடுகளில் பதிக்கும் பூப்போட்ட தரைக்கல். செட்டிநாடு என்று தலைப்புக் கொடுத்ததும் ஆளாளுக்கு ஆத்தங்குடிக் கல் கோலத்தைத் தைத்துவிட்டார்கள். தரையிலேயே அசல் கல் கிடக்கும்போது அதற்கு மேல் துணியில் அதே பூவை மாட்டுவானேன்? அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். கல்லின் ஓரம் உடைந்து, வேறு நிறக் கல்லை ஒட்டுப்போட்ட இடத்தை அப்படியே தைத்திருந்தார் அவர்.

இந்தப் பக்கத்துக் கைத்தறிப் புடவையான கண்டாங்கியை வெட்டலாமா என்றும் நீண்ட விவாதம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் பேர் வெளியூரிலும் பரவியிருக்கிறது. புதுப்புடவையில் கத்தரி வைக்க மனம் ஒப்பவில்லை. நைந்த பழைய புடவை மட்டும் என்று முடிவானது. பழசாக இருந்தாலும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு அதில் ஒட்டினால், பக்கத்துத் துணியிலும் ஒருநாள் ஒட்டும். நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு வேண்டாம். அது ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். மாட்டினால் வயிறு தள்ளி நிற்கும். நம்மூர் வெயிலுக்கு ஒரு ஃபிளானல் துணியே போதுமானது.

இனி மாட்டும் கதை. வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கிய சுவர். ஆணி மட்டுமல்ல, ஒட்டும் டேப்பும் கூடாது, பூச்சோடு உரிந்து வரும். மரத் தூண்கள் பர்மா தேக்கு, கம்பியை இறுக்கினால் தடம் விழும். பிளெக்ஸ் போர்டு ஸ்டாண்டு, துணிக்கடை ஸ்டாண்டு எல்லாம் பார்த்தோம். அந்த வீட்டின் உயரத்துக்கு முன்னால் அவை பொம்மைகளாக நின்றன.

வழி சொன்னவர் பந்தல்காரர். அந்த வீட்டில் எத்தனையோ கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர், ஆணியில்லாமல் வேலை செய்வது அவருக்குப் பழக்கம்தான். தூண்களுக்குப் பழைய வேட்டியைச் சுற்றினார். சவுக்குக் கம்புகளின் அடியில் சாக்கு மடித்துக் கட்டித் தரையில் நிறுத்தினார், அவற்றைத் தூணோடு நூல் கயிற்றால் பிணைத்தார், மேலே குறுக்குக் கம்பு. பாரம் எல்லாம் கம்பில், தூண் சும்மா துணைக்கு. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. எந்த ஊரிலும் கண்காட்சி வைப்பவர்கள் கூட்டம் போட்டுப் பேசும் முன் பந்தல்காரரைக் கூப்பிடுவது நல்லது.

குவில்ட்டின் பின்பக்கம், மேல் விளிம்பை ஒட்டி நாலு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழல் தைக்க வேண்டும். அதற்குள் குழாயை நுழைத்து இரண்டு முனையிலும் கம்பி கட்டித் தொங்கவிடுவோம். குழலின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், இல்லாவிட்டால் குழாயின் உருண்டை முன்னால் புடைத்துத் தெரியும். மரச்சட்டம் வேண்டாம், பூச்சில்லாத வெறும் மரத்தின் அமிலம் நாளாவட்டத்தில் துணியில் கறையாகும். அலுமினியத் திரைச்சீலைக் குழாய் எடை குறைவு, விலையும் குறைவு.

அடுத்த எதிரி வெயில். மியூசியங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கணக்கு. சிக்ரி சார் லக்ஸ் மீட்டரோடு வந்து வளவில் நின்றார், கருவி காட்டியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மேலே திறந்த வானம், 50 எங்கே கிடைக்கும்? வெளிச்சம் துணியில் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, திரும்பாதது. ஒரு வாரம்தானே என்று விடலாம், ஆனால் நேர் வெயில் மட்டும் ஒருநாள்கூட ஆகாது. மாசியில் உச்சி வெயில் தெற்கே சாய்ந்திருப்பதால் வளவின் வடக்குத் தாழ்வாரத்தில்தான் விழும். காலையில் மேற்கு, சாயங்காலம் கிழக்கு. அவர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே நாள் முழுக்க நடந்தார். முடிவில் வடக்குத் தாழ்வாரத்தை நாற்காலி போட்டுப் பேசும் இடமாக்கிவிட்டோம். தெற்கில் பெரியவை. பழைய கண்டாங்கியில் செய்தவை எல்லாம் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டின் உள்நிழலில். அங்கே இருட்டு அதிகம், வயதானவர்களுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அங்கே மாட்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரணி. தேவகோட்டை டீச்சர் செய்தது. அவருடைய அப்பத்தாவின் கண்டாங்கிக் கட்டம்தான் படித்துறை, கீழே போகப் போக நீலம் குறைந்து பழுப்பு, அடியில் வெடித்த மண்ணாக வெறும் தையல் மட்டும். வெயிலில் மாட்டியிருந்தால் அந்தத் தையல் மேடு பள்ளம் தெரிந்திருக்காது, பக்கவாட்டு வெளிச்சத்தில் நன்றாக எழுந்து நின்றது.

"தொடாதீர்கள்" என்ற அட்டையை யாரும் மதிக்கவில்லை. துணி என்றால் நம் ஆட்கள் விரலால் தேய்த்து நூல் பார்க்காமல் விடமாட்டார்கள், தப்பும் சொல்ல முடியாது. முகப்புப் பெஞ்சில் ஒரு சின்ன மாதிரியை வைத்தோம், ஒரு ஓரம் தைக்காமல் அடுக்குகள் தெரியும்படி. அங்கே ஆசை தீரத் தடவிவிட்டு உள்ளே வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அட்டையை எடுத்துவிட்டோம்.

விற்பனை சுமார்தான். பெட்ஷீட் விலையோடு ஒப்பிடும் பேச்சு இங்கேயும் வந்தது. விலைப்பட்டியலைக் கேட்டவர்களுக்கு மட்டும் காட்டினோம். அளவு, மதிப்பு, கொடுத்த கையெழுத்து, திரும்பப் பெற்ற கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் வாங்கிவைத்ததால் கடைசி நாளில் குழப்பமில்லை. குவில்ட்டை மடிக்கக் கூடாது, பிவிசி குழாயில் பழைய வேட்டியோடு சுருட்ட வேண்டும். இவ்வளவு நீளக் குழாய்க்கு பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சென்னையிலிருந்து ஆச்சியே வந்தார். முதலில் குவில்ட்டைப் பார்க்கவில்லை. தூண் தூணாக வேட்டியை விலக்கிப் பார்த்தார், கம்பு நின்ற இடத்தில் கல்லைக் காலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம்தான் இரண்டாம் கட்டுக்குப் போனார். கிளம்பும்போது, அடுத்த மாசியில் வீட்டில் படைப்பு இருக்கிறது, தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். கேட்டாயிற்று. இந்த முறை தூண்களுக்கிடையே உள்ள அகலத்தை அளந்து, தைக்கத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். ஆத்தங்குடிக் கல் வேண்டாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறோம்.