ஒரே ஆள், மூன்று வேலை, ஒரு சிவப்பு உருவம்

வேலைகளுக்கு அட்டவணை போட உதவும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருளில் ஒருவர் தலையில் அளவுக்கு மேல் வேலை ஏறிவிட்டால், அந்த வேலைகளின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு மனித உருவம் வந்து நிற்கும். அட்டவணை போடும் பொறுப்புக்கு வந்த முதல் ஆண்டு முழுவதும், அந்த உருவத்தை ஒழித்துக்கட்டுவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். வாராந்தர ஆய்வுக் கூட்டத்தில் திரை விரியும்போது சிவப்பு தெரிந்தால் மேலாளர் கேள்வி கேட்பார். என்னிடம் பதில் இருக்காது.

அப்போது ஓர் இயந்திரத் தொகுதியை நிறுவும் பணி நடந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனல்களைச் சோதிப்பது, அவற்றுக்கான புரோகிராம் எழுதுவது, மின்சுற்று வரைபடங்களைத் திருத்துவது ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆள்தான். அனுபவம் முற்றிய பொறியாளர். எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம், அவருக்கு நான் தம்பி. சோதனைக்கு 5 நாள், புரோகிராமுக்கு 5 நாள், வரைபடத்துக்கு 3 நாள் என்று எழுதி, மூன்றையும் ஒரே திங்கள்கிழமை தொடங்கும்படி வைத்தேன். ஒவ்வொன்றிலும் அவர் பங்கு 100 சதவீதம், அதாவது நாளின் 8 மணி நேரமும். ஆக, முதல் மூன்று நாளும் அவருக்கு 300 சதவீதம். நாளுக்கு 24 மணி நேர வேலை. மூன்று வரிகளிலும் சிவப்பு உருவம் எழுந்து நின்றது.

நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மூன்றிலும் அவர் பங்கை 33 சதவீதமாகக் குறைத்தேன். கூட்டினால் 99. சிவப்பு மறைந்தது. முடியும் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை. இவ்வளவு எளிதா என்று மகிழ்ந்துபோய்க் கோப்பைச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

எளிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்த மென்பொருளின் அடிவயிற்றில் இருப்பது ஒரே ஒரு பெருக்கல் கணக்கு: உழைப்பு மணி என்பது கால அளவையும் ஆளின் பங்கையும் பெருக்கி வருவது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை மாற்றினால் மூன்றாவது தானாக மாறும். நாமாக அமைப்பை மாற்றாதவரை, பங்கைக் குறைத்தால் கால அளவு நீளும். 5 நாள் வேலை 15 நாளாகும், நமக்கும் உறைக்கும். நானோ தேதி நகரக் கூடாது என்ற பயத்தில் எல்லா வேலைகளையும் ‘கால அளவு மாறாதது’ என்ற வகையில் போட்டு வைத்திருந்தேன். அதனால் கரைந்தது உழைப்பு. 40 மணி நேர புரோகிராம் வேலை 13 மணி நேரமாகச் சுருங்கிக் கிடந்தது. மூன்றையும் சேர்த்து ஏறக்குறைய 70 மணி நேர வேலையை ஒரு மாலைப் பொழுதில், யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல் தொலைத்திருந்தேன். உழைப்பு மணி காட்டும் பத்தியை அதுவரை நான் திரையில் வைத்துக்கொண்டதே இல்லை. அதற்குப் பிறகு அதைத் திரையிலிருந்து நீக்கியதே இல்லை.

தவறு தெரிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி 100 ஆக்கிவிட்டு, ‘லெவலிங்’ பொத்தானை அழுத்தினேன். ஒருவரால் ஒரே நேரத்தில் செய்ய முடியாத வேலைகளை அது ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைக்கும். எது எதைச் சார்ந்திருக்கிறது, எதைத் தள்ளிப்போட இடம் இருக்கிறது, எந்தத் தேதி, எவ்வளவு முன்னுரிமை என்பதையெல்லாம் பார்த்துத் தள்ளும். முன்னுரிமை 0 முதல் 1000 வரை. நாம் சொல்லாதவரை எல்லாம் 500. 1000 கொடுத்த வேலையை அது தொடாது. இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் வேலைக்கு 1000 கேட்டது தனிக் கதை.

பொத்தான் தன் கடமையைச் செய்தது. முதலில் சோதனை, அடுத்து வரைபடம், கடைசியில் புரோகிராம். வரிசையாக 13 நாள். மூன்றாவது வாரம் புதன்கிழமை முடியும். இதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும் என்ற நிம்மதியோடு அச்செடுத்து மேடத்திடம் கொண்டுபோனேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “தம்பி, பேனல் சோதனை என்றால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள்?”

“சோதிப்பீர்கள் மேடம்.”

“காலையில் லோடு கொடுத்து ஓடவிடுவேன். மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அளவுகளைக் குறித்துக்கொள்வேன். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம். மிச்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கவா?”

அடுத்து வரைபட வரியில் விரலை வைத்தார். “புரோகிராம் எழுதும்போது இணைப்புகளின் முகவரிகள் மாறும். மாறினால் வரைபடமும் மாறும். இதை முன்னால் போட்டால் இரண்டு முறை திருத்த வேண்டும்.”

வரைபடம் புரோகிராமைச் சார்ந்தது என்று நான் மென்பொருளுக்குச் சொல்லவே இல்லை. எனக்கே தெரியாததை அதற்கு எப்படிச் சொல்வது? சோதனைக்கு 5 நாள் என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தேன். அந்த 5 நாளில் எத்தனை மணி நேரம் அவர் கை படும் என்று கேட்கவில்லை. அவர் மேஜையிலேயே மறுபடி கணக்குப் போட்டோம். சோதனை 5 நாளில் 10 மணி நேரம், அதாவது 25 சதவீதம். அதனோடு சேர்ந்தே புரோகிராம் 75 சதவீதத்தில் ஓடும், ஏழாவது நாளில் முடியும். அதன் பிறகு வரைபடம் 3 நாள். பத்தாவது நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன, சிவப்பும் இல்லை.

அப்படியானால் புரோகிராமையும் வரைபடத்தையும் பாதிப் பாதியாக ஓட்டலாமே என்று ஆர்வக்கோளாறில் கேட்டேன். “கண் மட்டும் போதும் என்கிற வேலையை எதனோடும் சேர்க்கலாம். தலை முழுவதும் கேட்கிற வேலை இரண்டை ஒரே நாளில் கொடுக்காதீர்கள்” என்றார். மென்பொருளுக்கு 25-உம் 75-உம் கூடினாலும் 100, 50-உம் 50-உம் கூடினாலும் 100. இரண்டுக்கும் அது ஒரே முகம்தான் காட்டும். இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்க எனக்கு ஒரு கட்டம் கிடைக்கவில்லை. அந்தந்த வேலையின் குறிப்பில் ‘சேர்க்கலாம்’, ‘சேர்க்கக் கூடாது’ என்று கையால் எழுதிவைக்கிறேன்.

அட்டவணை போடும் இந்தத் துறையின் பிறப்பிலேயே இந்தக் குறை இருக்கிறது என்று பிறகு புரிந்தது. 1957-இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற அட்டவணை முறையின் அடிப்படைக் கணக்கு, எந்த வேலை எதற்குப் பின் வரும், எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. செய்பவர் ஒருவரா பத்துப் பேரா என்று அந்தக் கணக்கு கேட்காது. ஆள் கணக்கு அதன் மேல் ஏற்றி வைத்த சுமை.

அடுத்த பணியிலும் அதே மேடம். ஒரு வியாழக்கிழமை அவருக்கு நான்கு மணி நேர வேலைகள் இரண்டு. இரண்டும் காலையில் தொடங்குவதாகப் போட்டிருந்தேன். நாள் மொத்தம் 8 மணி நேரம்தான், ஆனாலும் சிவப்பு உருவம் நின்றது. எத்தனை முறை லெவலிங் செய்தாலும் போகவில்லை. உருவத்தைக் காட்டுவதற்கு மென்பொருள் நிமிடக் கணக்குப் பார்க்கிறது. தள்ளிவைப்பதற்கு, நாம் மாற்றாதவரை, நாள் கணக்குப் பார்க்கிறது. அமைப்பை மணிக் கணக்குக்கு மாற்றலாம்தான். ஆனால் அது மற்றவர்களின் வேலைகளையும் மணி மணியாகக் கிள்ளிக் கலைத்துவிடும். மேடத்திடம் கேட்டேன். “எதை முதலில் எடுப்பது என்று அன்று காலை பார்த்துக்கொள்கிறேன். அதைத் தொடாதீர்கள்” என்றார்.

ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் கண்ணில் அது பட்டது. “இதென்ன சிவப்பு?” என்றார்.

“அது அப்படியே இருக்கட்டும் சார். மேடத்திடம் கேட்டாயிற்று” என்றேன். அடுத்த வரிக்குப் போனோம்.