பாயைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்: பழைய குதிரை டிரெய்லர் வாங்கிய அனுபவம்

இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பி, மூன்றாவது முறை பாதி வேலையோடு திரும்பி, ஒரு வழியாகப் பழைய டிரெய்லர் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. இரண்டு குதிரை நிற்கும் அளவு. இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, மரத்தளம். எங்கெங்கே ஏமாற இருந்தேன், எங்கே ஏமாந்தே போனேன் என்பதை எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

முதலில் பார்த்தது முழு இரும்பு வண்டி. படத்தில் பளபளவென்று இருந்தது. "உள்ளே எல்லாம் புதுப் பாய் சார்" என்று விற்பவர் இரண்டு முறை சொன்னார். நானும் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு அரை நாள் வண்டி ஓட்டிப் போனேன். இப்போது யாராவது "புதுப் பாய்" என்று சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பாயைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ரொம்ப கனம் சார், ஆள் வேணும்" என்றார். பொய்யில்லை. முக்கால் அங்குலத் தடிமன் ரப்பர் பாய், கொஞ்சம் பெரிய துண்டாக இருந்தால், 40 கிலோவுக்கு மேலேயே இருக்கும். ஆனால் நான் வருவது அவருக்கு ஒரு வாரமாகத் தெரியும். ஒரு ஆளை வரச்சொல்லியிருக்கலாம். சரி என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். பின்பக்கப் பலகைகள் கறுத்திருந்தன. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஈரமண்ணில் குத்தியது போல உள்ளே போயிற்று. சிராய் தெறித்து வெளியே வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இங்கே ஒன்றும் தெறிக்கவில்லை, துகளாகக் கொட்டியது.

குதிரை மூத்திரம் பாய்க்கு அடியில் இறங்கிவிட்டால் காய வழியே கிடையாது. மரம் மேல்பக்கத்திலிருந்து உளுத்துக்கொண்டே வரும், கீழே பார்த்தால் கடைசி நேரத்தில்தான் தெரியும். அதனால் அடியில் பார்ப்பது மட்டும் போதாது. பாயைத் தூக்கி மேலேயும் குத்திப் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பின்கால் நிற்கும் இடத்திலும் சுவரோரத்திலும். சுமார் 500 கிலோ எடை நாலு குளம்பில் நிற்கிறது. ஓடுகிற வண்டியில் பலகை உடைந்து கால் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அலுமினியத் தளம் என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மூத்திரம் அதையும் குழிகுழியாக அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும்.

அந்த வண்டியில் இன்னொரு வித்தையும் இருந்தது. சட்டைப் பையில் சின்ன காந்தம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். சக்கரத்துக்கு மேல் தகட்டில் வைத்தால் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. துருப்பிடித்த ஓட்டையில் பட்டி வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்தச் சோதனை இரும்பு உடம்புக்குத்தான். அலுமினியத்தில் காந்தம் எங்கே வைத்தாலும் ஒட்டாது. அங்கே காந்தத்தை வைத்துப் பார்த்து விற்பவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது முறை வெல்டிங் தெரிந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். தளம் நன்றாக இருந்தது. குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலித்தது. வெல்டிங்கில் விரிசல் இல்லை. "எடுத்துரலாம்" என்று நண்பரே சொல்லிவிட்டார். அப்புறம் பேப்பரைப் பார்த்தோம். வண்டித் தகட்டில் இருந்த எண்ணுக்கும் பேப்பரில் இருந்த எண்ணுக்கும் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். "டைப் அடிச்சவங்க தப்பு சார்" என்றார் விற்பவர். இருக்கலாம். ஆனால் அதைத் திருத்தப் பழைய உரிமையாளர்தான் அலைய வேண்டும், நான் இல்லை. திருத்தியதும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை கூப்பிடவில்லை. இந்த அலைச்சல் முழுக்க என் தப்புதான். கிளம்புவதற்கு முன்பே தகட்டையும் பேப்பரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருப்பேன். அதே தகட்டில்தான் காலி எடையும் அதிகபட்ச எடையும் இருக்கும். உங்கள் வண்டியால் இழுக்க முடியுமா என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் இப்போது வாசலில் நிற்பது. இதன் உரிமையாளர் நாங்கள் போவதற்கு முன்பே பாய்களை வெளியே எடுத்துப் போட்டிருந்தார். அதிலேயே எனக்குப் பாதி மனசு விழுந்துவிட்டது. இரண்டு பலகை மாற்ற வேண்டும் என்று அவராகவே சொன்னார். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடும் இடங்களில், ஈரம் பட்டால், அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும். அதனால் ஆணி அடித்த வரிசை முழுக்க விரலால் தடவிப் பார்த்தோம். ஓரிரு இடத்தில் வெள்ளைப் பூப்பு, அவ்வளவுதான்.

அச்சு, ரப்பரை உள்ளே வைத்த டார்ஷன் வகை. லீஃப் ஸ்பிரிங் என்றால் உடைந்த தகட்டைக் கண்ணால் பார்க்கலாம், மாற்றலாம். இதில் ரப்பர் செத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, செலவும் அச்சு முழுவதையும் மாற்றும் அளவுக்குப் போய்விடும். சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்போம். டயரில் பட்டன், அதாவது தரையில் பதியும் மேடு பள்ளம், எல்லாம் புதுசு போல இருந்தது. நான் ஏமாந்திருப்பேன், நண்பர்தான் பக்கவாட்டில் இருந்த கடைசி நாலு எண்ணைப் படிக்கச் சொன்னார். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். ஐந்தாறு வருஷம் தாண்டினால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. அதைச் சொல்லி விலையில் குறைத்தோம். பணம் கொடுத்தது, கையெழுத்துப் போட்டது எல்லாம் பத்து நிமிஷம்.

ஆனால் அன்று டிரெய்லரைக் கொண்டுவர முடியவில்லை. டிரெய்லரை மாட்ட என் வண்டியின் பின்னால் இருந்தது 2 அங்குல இரும்புக் குண்டு. அதன் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் கொக்கி 2 5/16 அங்குலத்துக்கானது. மேலே வைத்தால் உட்கார்ந்தது, தாழ்ப்பாளும் விழுந்தது. "பூட்டிக்கிச்சே, மெதுவா ஓட்டிட்டுப் போங்க" என்றார் உரிமையாளர். நல்ல மனுஷர்தான், ஆனால் இதைக் கேட்டிருந்தால் முதல் பெரிய பள்ளத்தில் கொக்கி எகிறிக் கழன்றிருக்கும். நண்பர் டிரெய்லர் மூக்கை ஜாக்கி வைத்து மேலே தூக்கினார். கொக்கி குண்டைவிட்டு அலுங்காமல் வெளியே வந்துவிட்டது. பொருத்தம் சரியாக இருந்தால் இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். இரண்டு நாள் கழித்து சரியான குண்டோடு மறுபடியும் போய்க் கொண்டுவந்தேன். கொக்கியின் மேலேயே அளவு பொறித்திருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் ஏமாந்தது பிரேக்கில். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க ஒரு பின் உண்டு. அதை இழுத்துக் காட்டினார், எங்கோ 'டக்' என்று சத்தம் கேட்டது, நான் தலையாட்டிவிட்டேன். வீட்டில் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, பின்னை இழுத்துச் சுற்றிப் பார்த்தால் மூன்று சக்கரம் இறுகி நிற்கிறது, பின்பக்க இடது சக்கரம் ராட்டினம் போலச் சுற்றுகிறது. உள்ளே போகும் ஒயரை எலி கடித்திருக்கிறது. அதற்கான பேட்டரியும் பாதி உயிரில் இருந்தது. ஒயர் மாற்ற ஒரு மத்தியானம் போயிற்று. இதையே வாங்கும் இடத்தில் செய்திருந்தால் விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்ற வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

இரண்டு பலகை, நாலு டயர் மாற்றி, பேரிங்குகளைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்த பிறகுதான் என் பெண்குதிரையை ஏற்றினேன். சரிவுப் பலகையில் முன்னங்காலை வைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாள், அப்புறம் உள்ளே போய்விட்டாள். எங்களைவிட அவளுக்கு அந்தச் சோதனை நன்றாகத் தெரிகிறது. இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நாலு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பு. நான் ஒயர் மாற்றிய அந்த இடது சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. பிரேக்கை ஒரு சுற்று அதிகமாக இறுக்கியிருக்கிறேன். ஆற விட்டு, சாலையோரத்திலேயே அடியில் படுத்துத் தளர்த்தினேன். மேலே அவள் நிதானமாகப் புல் மென்றுகொண்டிருந்த சத்தம் கேட்டது.